பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி கைக்கு வந்தால்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரியப்பாவின் துப்பாக்கி என் கைக்கு வந்தபோது அதன் வலது குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடியற்காலையில் ஓட்டு வீட்டின் கூரை இறங்கி, துப்பாக்கியின் கட்டை கைப்பிடி இடத்தில் விரிந்துபோயிருந்தது. அப்போது யாருக்குத் துப்பாக்கி நினைவு? விழுந்த தென்னைகளை அறுத்து அகற்றவே தை பிறந்துவிட்டது. அதற்குள் குழல் முழுக்கத் துரு. வெளியிலிருந்து பார்த்தால் குளவிக்கூடு தெரியவே இல்லை. பின்பக்கம் திறந்து வானத்தைப் பார்த்துப் பிடித்தபோது இடது குழலில் வெளிச்சம் வந்தது, வலது குழல் இருட்டாக இருந்தது. ஒரு கட்டைவிரல் அளவு களிமண். அப்படியே தோட்டா போட்டுச் சுட்டிருந்தால் குழல் அந்த இடத்தில் வெடித்திருக்கும். அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை போயிருக்கும்.

பரம்பரைத் துப்பாக்கி கைக்கு வருகிறவர்களும், பழையது ஒன்றை விலைக்கு வாங்க நினைப்பவர்களும் செய்ய வேண்டியதை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அது சுடாத துப்பாக்கி, உடைந்த துப்பாக்கி என்று சொல்லித் தப்ப முடியாது. உதிரி பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். 12 போர் துப்பாக்கிக்கு (‘போர்’ என்பது குழல்துளையின் அளவு) மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கேட்கப்பட்டிருக்கிறது. அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். புதிதாக வருகிறவருக்கு அந்தப் பயிற்சிதான் அஸ்திவாரம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கி வரைதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது.

பரம்பரை என்றால், லைசென்ஸ் வைத்திருப்பவர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தர வழி இருக்கிறது. பெரியப்பா அப்படித்தான் செய்தார். பெரியவர் காலமாகிவிட்டால், காரியம் முடிந்த கையோடு துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். அப்பாவின் லைசென்ஸ் அப்பாவோடு போய்விட்டது. பரணில் கிடக்கட்டும் என்று விட்டால் குற்றம் உங்கள் தலையில் விழும்.

தனியாரிடம் விலைக்கு வாங்குவதானால், விற்கிறவர் எழுத்து மூலம் மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ தகவல் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். ‘இப்ப எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். துப்பாக்கியின் மேல் உள்ள எண் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தாலும் அப்படியே. அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

காலியா என்று பார்ப்பது

இனி துப்பாக்கி. முதலில் குழலை ஆள் இல்லாத பக்கம், தரையை நோக்கித் திருப்புங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மேலே உள்ள நெம்புகோலை வலப்பக்கம் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறக்கும். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். கொடுக்கிறவர் உங்களுக்கு முன்னாலேயே திறந்து காட்டியிருந்தாலும் நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதை யாரும் அவமரியாதையாக நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் துப்பாக்கியைத் திறந்தபடிதான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுப்போம்.

துருவேறித் திறக்க மறுத்தால் முட்டியில் வைத்து அழுத்தாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே பல வருடத்துத் தோட்டா இருக்கலாம். அப்படியே விட்டுவிட்டு, துப்பாக்கிக் கடைக்காரருக்கு நிலைமையைச் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

குழல்

எந்தச் சேதம் சரியாகும், எது துப்பாக்கியின் ஆயுளையே முடித்துவிடும் என்பதைக் குழல்தான் சொல்லும். 12 போர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் 740 பார் வரை அழுத்தம் ஏறலாம். டிராக்டர் பின்சக்கர டயரில் நாம் வைக்கும் காற்று ஒன்று, ஒன்றரை பார்தான். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு குழலைப் பாருங்கள்.

குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். மிருதுவான பழைய வேட்டித் துணியால் உள்ளே துடையுங்கள். ஜன்னல் ஓரம் நின்று, ஜன்னலின் மேல்சட்டத்தை நோக்கிக் குழலைப் பிடித்து உள்ளே பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. நல்ல குழலில் வெளிச்சம் கண்ணாடி வளையல்களை அடுக்கியது போல வட்ட வட்டமாகத் தெரியும். குழலை மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது வளையம் உடைந்தாலோ நெளிந்தாலோ அங்கே நசுங்கல் இருக்கிறது. ஒரு வளையம் மட்டும் கறுப்பாகத் தடித்துத் தெரிந்தால், அந்த இடத்தில் குழல் உள்ளிருந்து வெளியே வீங்கியிருக்கிறது. எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளிப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் மெதுவாக வருடினால் வீக்கம் கைக்குத் தட்டும். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

நசுங்கலைத் தேர்ந்த கைகாரர் உள்ளிருந்து எடுத்துவிடுவார். வீங்கிய குழலைச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் முடிந்துபோன குழல். துருக்குழிகளுக்கு ஒரே பதில் கிடையாது. மேலோட்டமான குழி என்றால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் குழலின் தகடு மெலியும். கடையில் தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். நடுக்குழலில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சுடக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. தோட்டா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் தகடு இதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்க வேண்டும்.

அடுத்து, குழல் இரண்டையும் கீழே உள்ள கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது. கிழிந்த பறை போல ‘கர்’ என்றால் இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது.

குழலின் அடிப்பக்கத்தில் உள்ள முத்திரைகளையும் பாருங்கள். பர்மிங்ஹாம் சோதனைக்கூடத்தின் முத்திரை உள்ள பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் நம் மிராசு வீடுகளில் நிறைய இருந்தன. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததற்கான ‘நைட்ரோ’ முத்திரை இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. குழலின் மேல் பாம்புத்தோல் மாதிரி வரி வரியாக நெளிவு தெரிந்தால் அது இரும்புப் பட்டையை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். பார்க்க அழகு. அதைச் சுட ஆசைப்படாதீர்கள்.

மூட்டு, விசை, கட்டை

துப்பாக்கியை மறுபடி பூட்டி, முன்கட்டை இல்லாமல், கட்டையை ஒரு கையிலும் குழலை ஒரு கையிலும் பிடித்து ஆட்டுங்கள். மாட்டுவண்டி அச்சு மாதிரி ‘லொடக்’ என்றால் மூட்டு தேய்ந்திருக்கிறது. சிகரெட் சுற்றும் தாள் போல மெல்லிய தாள் ஒன்றைக் குழலின் பின்முனைக்கும் அது வந்து பொருந்தும் முகத்துக்கும் இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தாராளமாக வழுக்கி வந்தால், அந்த இடைவெளி வழியாகத்தான் நெருப்புக் காற்று முகத்துக்கு வரும். இதைச் சரிசெய்யலாம். ஆனால் அது நுணுக்கமான வேலை.

விசையைச் சோதிக்க, மருந்தில்லாத டம்மி தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள். குழலில் தோட்டா உட்காரும் அறை வெறுமையாக இருக்கும்போது அடித்தால், தோட்டாவைக் குத்தும் பழைய ஊசி உடையும். பாதுகாப்புப் பொத்தானைப் பின்னுக்கு இழுத்து வைத்து இரண்டு விசையையும் இழுங்கள். உள்ளே சுத்தியல் எதுவும் விழக் கூடாது. பிறகு பொத்தானை முன்னுக்குத் தள்ளிவிட்டு, விசையில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பாருங்கள். மீன்கடையில் தொங்குகிற சின்னத் தராசே போதும். ஒன்றரை முதல் இரண்டு கிலோ காட்ட வேண்டும். ஒரு கிலோவில் விழுகிற விசை வரப்பில் கால் இடறினாலே வெடிக்கும். கடைசியாக, டம்மி தோட்டாவோடு கட்டையின் அடியை ரப்பர் மிதியடி மேல் ‘தொம்’ என்று வையுங்கள். உள்ளே சுத்தியல் விழுந்த சத்தம் கேட்டால் அந்தத் துப்பாக்கியோடு ஒரு நாள்கூட வயலுக்குப் போகக் கூடாது.

கட்டையில் விரிசல் பெரும்பாலும் கைப்பிடி மெலியும் இடத்தில் வரும். எங்களுடையது அங்கேதான் விரிந்தது. ஊரில் நல்ல ஆசாரி இருக்கிறார், தேக்கில் ஒன்று செய்து தருவார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதைச் செய்யக் கூடாது. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

யாரிடம் கொடுப்பது

துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் செய்தால் அவருக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. பம்ப்செட் லேத் பட்டறைக்காரரும், வெல்டிங் கடைக்காரரும் நமக்கு வேண்டியவர்களாக இருக்கலாம், கைராசிக்காரர்களாக இருக்கலாம். அவர்களிடம் இதைக் கொடுப்பது அவர்களுக்கு நாம் செய்யும் துரோகம். சட்டத்தை விடுங்கள், குழலில் வெல்டிங் நெருப்பு பட்டால் எஃகின் பதம் போய்விடும். மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும். நீண்ட குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் இதே மாதிரி தனிக் குற்றம்.

டெல்டாவுக்குத் திருச்சிதான் பக்கம். அங்கே படைக்கலத் தொழிற்சாலை 1966 முதல் இருக்கிறது. ஆனால் அது ராணுவத்துக்கு ரைஃபிள் செய்யும் இடம், நம் வேலைக்கு அங்கே போக முடியாது. போக வேண்டியது பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு. கடையில் மாட்டியிருக்கும் லைசென்ஸில் ‘பழுதுபார்த்தல்’ என்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பயணத்தில் துப்பாக்கியை மூன்று பாகமாகக் கழற்றி உறையில் போட்டு, லைசென்ஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். மாவட்டம் தாண்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

நான் போன கடையில் பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குழலைப் பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “களிமண்ணை எதை வச்சு எடுத்தீங்க?” என்று கேட்டார். குடைக்கம்பி என்றேன். முகம் சுளித்தார். நான் போட்ட கீறல்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் தள்ளியிருந்தால் தானே வந்திருக்குமாம். கட்டை மாற்றம், மூட்டு இறுக்கம், இரண்டு ஊசி, விசைச் சரிபார்ப்பு என்று மூன்று மாதம் ஆனது. அவசரப்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அவர்களே சோதித்துச் சுட்டுப் பார்த்தார்களா, என்ன தோட்டாவில் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக் கூடியது சுத்தம் மட்டும். கிளீனிங் ராடைத் தோட்டா போடும் பக்கமிருந்து வாய்ப்பக்கம் தள்ள வேண்டும். பித்தளைக் கம்பி பிரஷ், பிறகு துணி, பிறகு துப்பாக்கி எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு. நம் ஊரில் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கம் உண்டு. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து உள்விசையை மந்தமாக்கிவிடும், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் ஆவியாகிவிடும், மறுநாளே துரு. கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்க்கலாம்.

தோட்டா

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. தோட்டா உள்ளே போய்விடும், மூடவும் மூடும். சுடும்போது அதன் வாய்மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் தாறுமாறாக ஏறும். அதனால் அறையின் நீளத்தைக் கடையில் அளந்து கேளுங்கள்.

இன்னொன்று: 12 போர் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12ஐவிட ஒல்லி; அது வழுக்கிக் கொஞ்ச தூரம் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். காலியாக இருக்கிறதே என்று அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் சிதறும். 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதே இதனால்தான். ஈரத்தில் உப்பிய, பித்தளை பச்சை பூத்த தோட்டாக்களைச் சுட வேண்டாம், கடையில் கொடுத்துவிடுங்கள்.

வயலில்

நம் பூமி தட்டை. மலை இல்லை, மேடு இல்லை. கொள்ளிடக் கரையும் வாய்க்கால் கரையும் விட்டால் குண்டைத் தடுக்க ஒன்றும் கிடையாது. சிதறுகுண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு: குண்டின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 80 மீட்டர். 6ஆம் நம்பர் குண்டு இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 200 மீட்டர் போகும். எஸ்.ஜி. பெருங்குண்டு எட்டு மில்லிமீட்டரைத் தாண்டும், 600 மீட்டருக்கு மேலேயும் போகும். ஒரு வயலைத் தாண்டி அடுத்த தெருவுக்கே போய்விடும் தூரம் அது.

தண்ணீர் கட்டிய வயல் இன்னும் மோசம். தாழ்ந்த கோணத்தில் பட்ட குண்டு தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு போல எகிறிப் போகும். நடவு நடக்கிற நாளில் துப்பாக்கியை வெளியே எடுக்கவே வேண்டாம். இருட்டில் வேண்டவே வேண்டாம். எலிக்கிட்டி வைக்கப் போகிறவர்கள், நத்தை பொறுக்குகிறவர்கள், மடை பார்க்கப் போகிறவர்கள் என்று நம் வயலில் இரவிலும் குனிந்தபடி ஆள் இருப்பார்கள். குனிந்த மனிதன் தூரத்திலிருந்து மனிதனாகத் தெரிய மாட்டான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பொழுது சாய்ந்த பிறகு துப்பாக்கியைத் தொடுவதில்லை.

வரப்பில் வழுக்கிக் குழல்வாய் சேற்றில் குத்திவிட்டால் உடனே திறந்து தோட்டாக்களை எடுத்து, குழல் வழியாக வானத்தைப் பாருங்கள். மூங்கில் பாலம், முள்வேலி, வாய்க்கால், எதைத் தாண்டுவதானாலும் முதலில் திறந்து தோட்டாவை எடுத்துவிடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை அதே திசையில் வைத்தபடி முப்பது வரை எண்ணுங்கள். மருந்து தாமதமாகவும் பிடிக்கலாம். ‘புஸ்’ என்று சத்தம் குறைந்து வெடித்தால் தோட்டாவுக்குள் இருக்கும் தக்கை குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். பார்க்காமல் அடுத்ததைச் சுடாதீர்கள்.

எதைச் சுடலாம் என்று கேட்கிறவர்களுக்கு: கொக்கு, மடையான், நரி, மயில் எதையும் சுடக் கூடாது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்குப் பறவைகள் நம் வயல் வழியாகத்தான் இரை தேடி வருகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். காட்டுப்பன்றி பயிரை உழுதுவிட்டதா? புகைப்படம் எடுத்து வனத்துறையிடம் மனு கொடுங்கள். எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் உங்கள் லைசென்ஸ் உங்களைக் காப்பாற்றாது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று வானத்தைப் பார்த்துச் சுடுவதும் 2019 முதல் தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ.

வைக்கும் இடம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கும். தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ போட்டு வைத்தால் ஈரம் உள்ளே தங்கித் துருப் பிடிக்கும். சுவரில் படாத இரும்பு அலமாரியில், குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். அப்போது எண்ணெய் வழிந்து கட்டையின் மரத்தை ஊறவைக்காது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை துடையுங்கள். தோட்டா வேறு பூட்டில், வேறு அறையில் இருக்கட்டும். இரண்டு சாவியும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். குழல்வாயில் ஒரு துணி முடிச்சைக் கட்டி, அதில் சிவப்பு நாடா ஒன்றைத் தொங்கவிடுங்கள். குளவி உள்ளே போகாது, எடுக்கும்போது நாடா கண்ணில் படும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒருமுறை நான் ஒப்படைத்தது திரும்பி வந்தபோது, யாரோ சாய்த்து வைத்த ஈரச்சுவரின் அச்சு குழலில் துருக்கோடாகப் பதிந்திருந்தது. அதிலிருந்து கொடுக்கும் முன் உள்ளும் புறமும் கெட்டியான கிரீஸ் பூசி, எண் தெரிய நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, இருக்கிற கீறல்களை ரசீதிலேயே குறிக்கச் சொல்கிறேன். ரைட்டர் முதலில் அலுத்துக்கொண்டார், பிறகு எழுதிக் கொடுத்தார். திரும்ப வாங்கியதும் அந்த கிரீஸை முழுக்கத் துடைத்து எடுத்து, ஜன்னலை நோக்கிப் பிடித்து, இரண்டு குழலிலும் வளையங்கள் உடையாமல் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அலமாரிக்குள் வைக்கிறேன்.